பாதி இடித்த வீடு... மேஸ்திரி மாயம்! அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பெரம்பூர் பக்கத்தில் ஒரு சந்து. அதில் ஒரு வீடு.

வாசல் இருக்கிறது, கதவு இல்லை. கோணிப் படுதா தொங்குகிறது. சமையலறை இருக்கிறது, ஒரு பக்கம் சுவர் இல்லை. கக்கூஸ் இருந்த இடத்தில் செங்கல் குவியல்.

அந்தக் குவியல் மேல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர். தனியார் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. சர்வீஸ் 20 வருடம்.

"குளிக்க அடுத்த வீட்டுக்குப் போறோம் சார். தினமும் விடியக் காலையில அவங்க கதவைத் தட்டறதுக்குள்ள உயிர் போகுது. வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டு நான் யார்கிட்ட சொல்றது?" என்றார். குரல் தழுதழுத்தது.

விவரம் வருமாறு:

நாலு லட்சம்

அது அவருடைய அப்பா கட்டிய வீடு. 40 வருடத்துக்கு மேல் ஆகிறது. மழை வந்தால் ஹாலில் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். கக்கூஸ் கொல்லைப்புறம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒழுகலை நிறுத்த வேண்டும். கக்கூஸ், பாத்ரூமை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அப்படியே சமையலறையைக் கொஞ்சம் அகலம் பண்ணி, தரைக்கு டைல்ஸ் போட்டுவிட வேண்டும். இதுதான் திட்டம்.

தெரிந்தவர் மூலம் ஒரு மேஸ்திரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். டேப் கூட எடுக்கவில்லை. "நாலுக்குள்ள முடிச்சுடலாம் சார். நம்ம வீடு மாதிரி பார்த்துப் பண்றேன்" என்றார்.

முதல் நாள் அட்வான்ஸ் ஒரு லட்சம். ஐந்தாம் நாள் "செங்கல், மணல் இறக்கணும்" என்று 75 ஆயிரம். பன்னிரண்டாம் நாள் "ஆளுங்களுக்கு சம்பளம் கொடுக்கணும், லாரிக்காரன் வேற நிக்கிறான்" என்று இன்னொரு 75 ஆயிரம். ஆக இரண்டரை லட்சம். அதில் பாதி, மனைவியின் செயினை அடகு வைத்த பணம்.

பதின்மூன்றாம் நாள் வேலைக்கு ஆள் வரவில்லை. பதினான்காம் நாளும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆப்!

எழுதி வாங்கினீங்களா?

வழக்கம்போல் குற்றச் செய்தி சேகரிக்க ஒரு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன இடத்தில்தான் இந்த நிருபர் அவரைச் சந்தித்தார். ரைட்டர் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதி வாங்கினீங்களா?"

"இல்லை சார். தெரிஞ்சவர் சொன்னாரேன்னு..."

"ரசீது?"

"இல்லை சார்."

"இது சிவில் மேட்டராச்சே" என்றார் ரைட்டர்.

அவர் சொன்னதில் சட்டப்படி தப்பு இல்லை. மோசடி என்று கேஸ் போட, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் ஊரறிந்த '420' அது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. பணம் வாங்கினார், வேலையைப் பாதியில் விட்டார் என்பது மட்டும் போதாது. அது ஒப்பந்தத்தை மீறிய விவகாரம். அந்த ஒப்பந்தத்தையும் வாயாலேயே போட்டால் எதைக் காட்டுவது?

ஆனாலும் ரைட்டர் மனசு வைத்து நாலு இடத்தில் சொல்லி வைத்தார். மூன்றாம் நாள் மேஸ்திரி சிக்கினார்.

எங்கே தெரியுமா? இன்னொரு வீட்டில், கரணையும் கையுமாக!

"நான் ஓடிப்போகலை சார். முன்னாடி எடுத்த வேலையில கை நட்டம். அந்த வீட்டுக்காரர் என்னைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டார். இவர் காசு அங்க போயிடுச்சு. அதை முடிச்சிட்டு அடுத்த அட்வான்ஸ் வாங்கி இவர் வேலையைப் பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார் அவர்.

குட்டு இங்கேதான் உடைந்தது. பாதியில் மாயமாகும் மேஸ்திரி எல்லோரும் திருடர் இல்லை. பல பேருக்குக் கையில் முதல் கிடையாது. உங்கள் அட்வான்ஸில் போன வீட்டு வேலை முடியும். அடுத்த வீட்டு அட்வான்ஸில் உங்கள் வேலை நடக்கும். சங்கிலி எங்கே அறுகிறதோ அந்த வீட்டில் கோணிப் படுதா!

ஆகவே வீட்டுக்காரர் மனசில் எழுதி வைக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வேலையை முந்திக்கொண்டு பணம் ஓடக்கூடாது. செய்த வேலைக்குப் பின்னால்தான் பணம் போக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

மேலிருந்து கீழே

45 வருடமாகக் கரணை பிடிக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிப் போய் அந்த வீட்டைக் காட்டினோம். அவர் முதலில் பார்த்தது மொட்டைமாடியை.

"தலை ஒழுகுது. இவங்க காலுக்குக் கொலுசு போடப் பார்த்திருக்காங்க" என்றார்.

வேலையை வரிசைப்படுத்தித்தான் தொடங்க வேண்டும். முதலில் ஒழுகல், விரிசல். அடுத்து தண்ணீர் பைப், சாக்கடை பைப், கரண்ட் வயர். பிறகு பூச்சு. பிறகு டைல்ஸ். கடைசியில் பெயிண்ட். இந்த வரிசை மாறினால் இன்று போட்ட டைல்ஸை நாளை பெயர்க்க நேரிடும். அதுவும் உங்கள் காசுதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இடது பக்கம் 'கட்டாயம்'. வலது பக்கம் 'இருந்தால் நல்லது'. ஒழுகல் இடது பக்கம். ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் வலது பக்கம். பணம் இடது பக்கத்துக்குப் போதுமா என்று முதலில் பாருங்கள்.

சுவர் தாங்குதா?

சமையலறைச் சுவரை மேஸ்திரி இடித்திருந்தார் அல்லவா? பெரியவர் அந்த இடத்தில் நின்று மேலே பார்த்தார். முகம் மாறியது. "இது மேல்தளத்தைத் தாங்குற சுவர். யாரைக் கேட்டு இடிச்சாங்க?" என்றார். அன்று மாலையே இரும்பு முட்டு கொண்டுவந்து நிறுத்தினார்.

பழைய வீடுகள் பலவற்றில் பில்லர் கிடையாது. சுவரே பில்லர். 9 அங்குலச் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்கும். நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்பு. ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பி சம்மட்டி தூக்கக் கூடாது. தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், உத்திரம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஒரு செங்கலைக் கூட உருவக் கூடாது.

2023 ஏப்ரலில் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் பழைய கட்டிடம் ஒன்று சரிந்தது நினைவிருக்கும். அங்கே நடந்துகொண்டிருந்தது புதுப்பிக்கும் வேலைதான். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், அண்ணா சாலையில் பழைய கட்டிடத்தை இடிக்கும்போது சுவர் விழுந்து, நடைபாதையில் போன இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

சுவரை எடுப்பதாக இருந்தால் கட்டிட என்ஜினீயர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கையால் எழுதி வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் பீஸ் வீண் செலவல்ல.

ஆளை எப்படிப் பார்ப்பது?

மூன்று பேரிடம் கொட்டேஷன் கேளுங்கள். மூவருக்கும் ஒரே லிஸ்டைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் பெயிண்டைச் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார். குறைந்த ரேட் என்று நம்பி ஏமாறுவீர்கள். மற்ற இருவரை விட ஒருவர் ரொம்பக் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். அவருக்குத் தேவை வேலை அல்ல, அட்வான்ஸாக இருக்கலாம்.

அவர் செய்த பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த வீட்டைப் பார்த்துப் பயன் இல்லை. எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் மூன்று கேள்வி போதும். சொன்ன தேதிக்கு முடித்தாரா? சொன்ன பணத்தில் முடித்தாரா? முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்தாரா?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு வாரிய உதவி கேட்க வழி இருக்கும்.

வேலை கொடுப்பதில் மூன்று முறை உண்டு. நாள்கூலி, வேலை இழுக்கும். லேபர் காண்ட்ராக்ட், சாமான் நம்முடையது, கூலி பேசிய தொகை. மெட்டீரியலோடு காண்ட்ராக்ட், அலைச்சல் இல்லை, ஆனால் என்ன பிராண்ட், என்ன அளவு என்று எழுதாவிட்டால் மட்டமான சரக்கு வந்து இறங்கும். சின்ன வேலைக்கு லேபர் காண்ட்ராக்ட் நல்லது என்பது பெரியவர் அபிப்பிராயம். சாமான் கடைக்குப் பணம் நேராகப் போகும். மேஸ்திரி கையில் பெரும் பணம் தங்காது.

கணக்குப் போடுங்க

கணக்கு மேஸ்திரி சொத்தல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. சுவர் ஓரம் நாலு அங்குல ஸ்கர்டிங்குக்கு, வாசலைக் கழித்தால், சுமார் 14 சதுர அடி. மொத்தம் 134. வெட்டி உடைவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 147. இரண்டுக்கு இரண்டு டைல் ஒன்று 4 சதுர அடி. ஆக 37 டைல். மேஸ்திரி 50 டைல் கேட்டால் "எதுக்கு?" என்று கேட்க உங்களுக்கு வாய் வரும்.

சென்னையில் மணல், ஜல்லி யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கிப் பாருங்கள். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. தயாரித்த வாரம் மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் வலு குறையும். லாஃப்ட், லிண்டல் போடக் கம்பி வாங்கினால் எடை பாருங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 12 மில்லி மீட்டர் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ. 8 மில்லி மீட்டர் கம்பி 4.74 கிலோ. ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிந்திருக்கிறது என்று அர்த்தம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலையை வைத்து எஸ்டிமேட் நீட்டினால் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழைய வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். துருப்பிடித்த பைப், உளுத்த நிலை, உதிரும் கம்பி எல்லாம் அப்புறம்தான் கண்ணில் படும். கையில் 4 லட்சம் இருந்தால் மூன்றேகால் லட்சத்துக்கு வேலை பேசுங்கள். மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

பணம் எப்படிப் போகணும்?

4 லட்ச ரூபாய்க்கு மெட்டீரியலோடு வேலை பேசினால், பெரியவர் சொல்லும் பிரிவினை இது:

கையெழுத்துப் போடும்போது 40 ஆயிரம். இடிப்பும் சுவர் வேலையும் முடிந்ததும் ஒரு லட்சம். பைப், வயர் பதித்து, சோதித்து, பூச்சு முடிந்ததும் ஒரு லட்சம். டைல்ஸ், கதவு முடிந்ததும் 80 ஆயிரம். பெயிண்ட் முடிந்ததும் 40 ஆயிரம். பாக்கி 40 ஆயிரம் உங்களிடமே இருக்கட்டும். ஒரு மழை பார்த்த பிறகு கொடுங்கள்.

"இப்படிக் கொடுத்தா வேலை பண்ண மாட்டேன்னு சொல்றவன் வேண்டாம். கஞ்சிக்கு இல்லாம வேலை வாங்கவும் கூடாது. கூலியாளுக்கு வாராவாரம் சனிக்கிழமை சம்பளம் போய்ச் சேரணும்" என்றார் பெரியவர். நியாயம் இரண்டு பக்கமும் உண்டு.

ஒவ்வொரு தடவையும் தேதி, தொகை எழுதி, கையெழுத்து வாங்குங்கள். பேங்க் மூலமோ யு.பி.ஐ. மூலமோ அனுப்பினால் அதுவே சாட்சி. வேலை லிஸ்ட், மொத்தத் தொகை, முடிக்கும் தேதி, கூடுதல் வேலை வந்தால் எழுதிக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற வரி — இவ்வளவும் காகிதத்தில் இருக்கட்டும்.

'சோதித்து' என்றால் என்ன? பைப்பில் தண்ணீர் ஏற்றி, முனைகளை அடைத்து, ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பது. பாத்ரூம் தரையில் டைல்ஸ் போடும் முன் ஓட்டையை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்ப்பது. கீழே ஈரம் வந்தால் அப்போதே சரி செய்யலாம். டைல்ஸ் மூடிய பிறகு வந்தால் மறுபடியும் கடப்பாரைதான்.

எந்த மாசம்?

சென்னைக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். மொட்டைமாடி வேலை, வெளிப்பூச்சு எல்லாவற்றையும் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். தை பிறந்த பிறகு தொடங்குவது உத்தமம். பொங்கல் வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் ஆள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆடியில் புது வீட்டு வேலை தொடங்க ஜனங்கள் யோசிப்பார்கள். அந்த மாதம் ரிப்பேர் வேலைக்குக் கொத்தனார் கேட்டுப் பாருங்கள். கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அவசரம் கூடாத இடங்களும் உண்டு. கான்கிரீட் போட்டால் குறைந்தது ஏழு நாள், கலப்பு சிமெண்ட் என்றால் பத்து நாள், தண்ணீர் விட்டு ஈரமாக வைக்க வேண்டும். 15 அடிக்கு உட்பட்ட தளத்துக்கு முட்டு ஏழு நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் 14 நாள். புதுப்பூச்சு நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும். நாலு வாரம் விடுங்கள். "30 நாளில் சாவி" என்று யாராவது சொன்னால் நீங்கள் 45 என்று எழுதிக்கொள்ளுங்கள். மகள் பரீட்சை, வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் அந்த 45-க்கு அப்பால் வையுங்கள்.

அனுமதி வேண்டுமா?

வெள்ளையடிப்பு, பெயிண்ட், பூச்சு, தரை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு அனுமதி தேவையில்லை என்று 2019-ம் ஆண்டு கட்டிட விதிகள் சொல்கின்றன. அறை கூட்டினாலோ மாடி எடுத்தாலோ அனுமதி வேண்டும். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்ட 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. ஆன்லைனிலேயே மனுப் போடலாம்.

இடித்த ரப்பீஷைத் தெருவில் கொட்டினால் கார்ப்பரேஷன் அபராதம் போடும். அதை ஏற்றிப் போகும் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஏமாந்தால்?

ரெரா சட்டம் இங்கே உதவாது. அது பிளாட், மனை விற்பவர்களுக்கு. சொந்த வீட்டு ரிப்பேருக்கு அல்ல. நுகர்வோர் ஆணையம் உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கையில் காகிதம் இருக்க வேண்டும்.

ஆணியில் நோட்டு

குமாஸ்தா கதைக்கு வருவோம். நடந்த வேலையைப் பெரியவர் மதிப்புப் போட்டார். இறங்கிய சாமானையும் சேர்த்து 60 ஆயிரம். பாக்கி ஒரு லட்சத்து 90 ஆயிரத்தில் மேஸ்திரி திருப்பிக் கொடுத்தது 50 ஆயிரம். மீதிக்கு இப்போதுதான் எழுதி வாங்கியிருக்கிறார்.

வேலையைப் பெரியவரே எடுத்துக்கொண்டார். முதலில் சுவர் இருந்த இடத்தைப் பலப்படுத்தினார். அடுத்து மொட்டைமாடி. அப்புறம் பாத்ரூம். பணம் அத்தோடு தீர்ந்தது. டைல்ஸ் இல்லை, சிமெண்ட் தரைதான். "தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

போன வாரம் மழை கொட்டியது. இந்த நிருபர் போய்ப் பார்த்தபோது ஹாலில் பாத்திரம் எதுவும் வைத்திருக்கவில்லை. மகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் ஓர் ஆணி. அதில் நூல் கட்டி ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்கியது. தேதி, வேலை, தொகை, கையெழுத்து. கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறது.

"இதோட விலை இருபது ரூபா சார். முதல் நாளே வாங்கியிருந்தா என் வீட்டுக்காரி கழுத்துல செயின் இருந்திருக்கும்" என்றார் குமாஸ்தா.